முதலில் ப்ளக்கைச் செருகாதீர்கள்: தென்னாப்பிரிக்காவில் பழைய வாக்குவம் கிளீனர் வாங்கி ஓட வைப்பது எப்படி

டர்பனுக்கு வந்து மூன்றாவது மாதம். அமெரிக்கா திரும்பும் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது. பளபளக்கும் அலுமினிய உடம்பும் முன்னால் ஒரு விளக்குமாக இருந்த கர்பி வாக்குவம் கிளீனரை 900 ரேண்டுக்கு வாங்கித் தூக்கி வந்தேன். முள் மாற்றும் அடாப்டரை மாட்டிச் செருகி, சுவிட்சைத் தட்டினேன். ஐந்து விநாடிதான். ஒரு ஊளைச் சத்தம், உள்ளே நீல வெளிச்சம், பிறகு கருகிய வார்னிஷ் வாசனை. கோயமுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் அப்பாவை வாட்ஸப்பில் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பிளேட்டைப் படிச்சியா கண்ணு?"

படிக்கவில்லை. அடியில் இருந்த தகட்டில் 120 வோல்ட் என்று தெளிவாகவே பொறித்திருந்தது. இங்கே சுவரில் வருவது 230. அடாப்டர் முள்ளைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆசையில் மறந்துபோயிற்று.

அதன் பிறகு ஏழு மெஷின் வாங்கினேன், ஐந்து ஓடுகின்றன. அந்த ஏழிலும் நான் விட்ட காசையும் வார இறுதிகளையும் நீங்கள் விட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது டர்பன் என்பதால் உதாரணங்கள் டர்பனைச் சுற்றியே வரும். ஜோகன்னஸ்பர்கிலோ கேப் டவுனிலோ இருப்பவர்களுக்கும் முறை இதேதான்.

1. எந்த மெஷினில் தொடங்குவது

மிக்ஸியைத் திறந்து கார்பன் பிரஷ் மாற்றிய கை உங்களுடையது என்றால் பாதி வேலை தெரிந்த மாதிரிதான். வாக்குவம் கிளீனருக்குள் இருப்பதும் மிக்ஸி மோட்டாரின் உறவுக்காரன்: சுழலும் பகுதியான ஆர்மேச்சர், இரண்டு கார்பன் பிரஷ், சுற்றிலும் ஃபீல்டு காயில். பிளேடு சுழலும் இடத்தில் விசிறி சுழல்கிறது, அவ்வளவுதான்.

முதல் மெஷினுக்கு என் சிபாரிசு, 1950களிலும் 60களிலும் வந்த இங்கிலாந்துத் தயாரிப்பு ஹூவர் ஜூனியர். நிற்கிற வகை, பின்னால் துணிப்பை தொங்கும். இங்கே பழைய வீடுகளில் கிடைக்கிறது. நம் கரன்ட்டுக்கே செய்தது. பெல்ட் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. திறந்தால் எது எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியும். இரண்டாவதாக, தரையில் இழுத்துப்போகும் உருளை வடிவ எலக்ட்ரோலக்ஸ். அதில் மோட்டாரைவிட ஹோஸ்தான் தலைவலி. நூல் பின்னிய பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஊசித்துளையாகக் காற்றை விடும்.

உருண்டையாக ஒரு ஹூவர் உண்டு, கான்ஸ்டலேஷன். தான் வெளியே தள்ளும் காற்றின் மேலேயே மிதந்து வரும். அதைப் பார்த்தால் விழாதவர்கள் இல்லை. நானும் விழுந்தேன். வழவழப்பான தரையில்தான் மிதக்கும், தடித்த கம்பளத்தில் முரண்டு பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கர்பியை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வாங்குங்கள். உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் கனம், விலையும் அதிகம். மேலே சொன்ன கதை வேறு இருக்கிறது. இந்த நாட்டில் விற்ற கர்பிகளில் 220-240 வோல்ட் என்றே இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் சாமானோடு கொண்டுவந்தவைதான் ஆபத்து.

2. எங்கே தேடுவது, என்ன விலை

ஹாஸ்பிஸ் (கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) நடத்தும் கடைகள், விலங்குநலச் சங்கங்களின் பழம்பொருள் கடைகள், சர்ச் பஜார், கோயில் ஜம்பிள் சேல். இவற்றில் 100 முதல் 300 ரேண்டுக்குள் ஹூவர் எடுத்திருக்கிறேன். கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், பாப் ஷாப் மூன்று இணையதளங்களிலும் 'ஆன்டிக்' என்ற சொல்லைப் போட்டால் விலை மூன்று மடங்கு. 'ஓல்ட் ஹூவர், நாட் வொர்க்கிங்' என்று போட்டிருப்பவர்களைத் தேடுங்கள். ஓடாத மெஷினுக்கு ஓடாத விலை கொடுத்தால் போதும். எப்படியும் திறக்கத்தான் போகிறீர்கள்.

நல்லது கிடைப்பதெல்லாம் வாய்வழியாகத்தான். நாங்கள் டர்பனின் ரெசர்வாயர் ஹில்ஸில் ஒரு அவுட்பில்டிங்கில், அதாவது பெரிய வீட்டோடு சேர்ந்த தனிக்கட்டடத்தில், குடியிருக்கிறோம். வீட்டுக்கார ஆன்ட்டி கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவைத்தார். அடுத்த வாரமே சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆயா பழைய சேலையில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார். "என் மாமியா வாங்குன ஹூவரம்மா. ஓடாது. தூக்கிப்போட மனசு வரல" என்றார். நான் 200 ரேண்ட் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, ஒரு டப்பா மாங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்பினார்.

ஒரு விஷயம் விலையைவிட முக்கியம்: மெஷின் எந்த ஊரில் இருந்தது என்று கேளுங்கள். டர்பன் கடற்கரைப் பக்கம் இருந்தது என்றால் துரு, அலுமினியத்தில் வெள்ளைப் பொரிவு, பையில் பூஞ்சணம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருந்தது என்றால் உலோகம் சுத்தமாக இருக்கும், ரப்பரும் பெல்ட்டும் காய்ந்து வெடித்திருக்கும். ரப்பரை மாற்றிவிடலாம், பொரிந்த அலுமினியத்தை மாற்ற முடியாது. அதனால் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மெஷினுக்கு ஐம்பது நூறு கூடக் கொடுக்கலாம்.

3. காசு கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம்

அப்பாவின் கேள்விதான் முதலில்: தகட்டைப் படியுங்கள். 220-240 அல்லது 240 என்று இருந்தால் நிம்மதி. 200-220 என்றிருந்தால் ஓடும், கொஞ்சம் சூடாகும், அதிக நேரம் ஓட்டக்கூடாது. 110, 115, 120 என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது. வாட்டேஜைவிட இரண்டு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். பல நேரம் அதன் விலை மெஷின் விலையைத் தாண்டிவிடும். தகடே இல்லை என்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

அடுத்தது மூக்கு. காற்று வெளியேறும் துளையில் முகர்ந்து பாருங்கள். தூசி வாசனை இருந்தால் பரவாயில்லை. கருகிய வார்னிஷ் வாசனை ஒருமுறை வந்த மெஷினில் பல வருடம் கழித்தும் இருக்கும். வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய சிறிய ஆர்மேச்சரை மறுபடி சுற்றித் தரும் கடை கிடைப்பது கஷ்டம். கிடைத்த ஒரு கடையில் என் கர்பிக்குக் கேட்ட கூலி, மெஷின் வாங்கின விலையைப்போல் இரண்டு மடங்கு.

மூன்றாவது, கையால் சுற்றிப் பாருங்கள். அடியில் உள்ள மூடியைத் திறந்து பெல்ட் மாட்டும் தண்டை விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். கரகரவென்றால் பேரிங். அது 100 ரேண்ட் வேலை, பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் 'டக்' என்று தட்டினால் விசிறி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ கிடக்கிறது.

செருகி ஓட்டிக்காட்டுகிறேன் என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். "அக்கா, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அவர்களுக்கும் நிம்மதி.

4. காகிதங்கள்

பழைய சாமானுக்கு என்ன காகிதம் என்று நினைத்தேன். மூன்று இடத்தில் இது வருகிறது.

ரசீது. தனியாரிடம் வாங்கினாலும் ஒரு துண்டுத் தாளில் தேதி, தொகை, மாடல், தகட்டில் உள்ள சீரியல் நம்பர், விற்பவர் பெயர், கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருட்டுப் பொருளோ என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட இது ஒன்றுதான் இருக்கும். மெஷினையும் தகட்டையும் விற்பவர் வீட்டு வாசலிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் என் பழக்கம்.

பழம்பொருள் சட்டம். 2009ஆம் ஆண்டின் செகண்ட்-ஹேண்ட் குட்ஸ் சட்டப்படி, பழைய பொருள்களை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவர் போலீசில் பதிவு செய்ய வேண்டும். அதனால்தான் நீங்கள் ஒரு கடையில் பொருளை விற்கப் போனால் அடையாள அட்டை, முகவரி எல்லாம் கேட்டு ஏட்டில் எழுதுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப்போக வேண்டும். சேகரிப்பவர் எப்போதாவது ஒன்றை விற்பது வேறு, மாதாமாதம் வாங்கி, துடைத்து, லாபத்துக்கு விற்பது வேறு. இரண்டாவது வகைக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் பகுதிப் போலீஸ் நிலையத்தில் பதிவைப் பற்றிக் கேளுங்கள். நகல்களுக்குச் சான்று வாங்கவும் அங்கேயே போகலாம். காசு கிடையாது, அசல் கையில் இருக்க வேண்டும், காலையில் போனால் வரிசை குறைவு.

விசா. கணவரோ மனைவியோ வேலைக்கு வந்து, நீங்கள் துணையாக வந்திருந்தால் உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி இருக்காது. என்னுடையதும் அப்படித்தான். பொழுதுபோக்காகச் சீர்செய்து வீட்டில் வைத்துக்கொள்வதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. 'ரிப்பேர் செய்து தரப்படும், 400 ரேண்ட்' என்று விளம்பரம் போட்டால் அது தொழில். எனக்குத் தெரிந்த ஒருவர் போட்டுவிட்டு, விசா நீட்டிப்பு நேரத்தில் தூக்கமில்லாமல் கிடந்தார். விசா விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் இதில் துணியாதீர்கள்.

5. பையைத் திறப்பதற்கு முன்

பழைய பைக்குள் இருப்பது யாரோ ஒருவர் வீட்டு அறுபது வருடத் தூசி. இங்கே பழைய வீடுகள் பலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். 2008இல்தான் இந்த நாடு ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. அதனால் வீட்டுக்குள் திறக்கவே கூடாது. வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி, நல்ல முகமூடி போட்டு, ஸ்ப்ரே பாட்டிலால் தூசியை நனைத்து, பையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் கட்டிவிடுங்கள். துணிக்கடை முகமூடி பத்தாது, ஹார்டுவேர் கடையில் எஃப்எஃப்பி2 என்று கேளுங்கள்.

பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) பாகங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். சில பேக்கலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும்.

6. கரன்ட் வேலை (இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்)

ஆயா வீட்டு ஹூவரை, கர்பியில் சூடுபட்டும் புத்தி வராமல், தகட்டை மட்டும் பார்த்துவிட்டுச் செருகினேன். இந்த முறை புகை இல்லை. டக் என்று வீடு முழுக்க இருட்டு. எர்த் லீக்கேஜ் விழுந்துவிட்டது. ஊரில் இ.எல்.சி.பி. என்போமே, அதுதான். 30 மில்லி ஆம்ப் கசிந்தால் விழுந்துவிடும். ஆன்ட்டியின் ஃப்ரிட்ஜும் அதே லைனில் என்பது அவர் ஜன்னலில் எட்டிப்பார்த்தபோதுதான் தெரிந்தது. விழுந்தது நல்லதற்கே. விழாத வீடாக இருந்தால் கைப்பிடியில் ஷாக் அடித்திருக்கும்.

ஆகவே வரிசை இதுதான்.

முதலில் ஒயர். பழைய ரப்பர் ஒயரை வளைத்துப் பாருங்கள், பிஸ்கட் மாதிரி உடையும். துணி சுற்றியது அழகாக இருக்கிறது என்று விட்டுவைக்காதீர்கள். வெட்டி எறிந்துவிட்டு, உலோக உடம்பென்றால் மூன்று கோர் ஒயர் போடுங்கள். ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் கனம் வசதி. துணி சுற்றிய புது ஒயரும் விற்கிறார்கள், விலை இரண்டு மடங்கு. ஆசைப்பட்டால் அதைப் போடுங்கள்.

நிறம் ஒரு பெரிய பொறி. புது ஒயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய இங்கிலாந்து ஒயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க ஒயரில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். இங்கிலாந்து மெஷினில் கறுப்பைக் கண்டு பழகிய கை அமெரிக்க மெஷினில் தவறும்.

ப்ளக். இங்கே பெரும்பாலும் போடுவது, ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் மட்டும் போடும் அந்தப் பெரிய மூன்று உருண்டை முள் ப்ளக். அதில் ஃபியூஸ் கிடையாது. இங்கிலாந்து ப்ளக்கில் உண்டு. பழைய மெஷினின் இங்கிலாந்து ப்ளக்கை வெட்டிவிட்டு இங்குள்ளதை மாட்டினால், மெஷினுக்கு இருந்த ஒரே ஃபியூஸும் போய்விடுகிறது. ஒயர் நடுவே ஒரு ஃபியூஸ் ஹோல்டர் வைத்து 5 ஆம்ப் போட்டுவிடுங்கள், 40 ரேண்ட் செலவு. சுவர்ப்பக்கம் டிபி போர்டில், அதாவது மெயின் சுவிட்ச் பெட்டியில், கை வைக்காதீர்கள், அது லைசென்ஸ் உள்ளவர் வேலை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் மின் இணைப்புச் சான்றிதழ் சம்பந்தப்பட்டது.

கண்டன்சர். ரேடியோவில் கரகரப்பு வராமல் இருக்க மோட்டார் பக்கத்தில் சின்னதாக ஒன்று வைத்திருப்பார்கள். பழைய காகிதக் கண்டன்சர் ஈரம் குடித்துக் கசியும், சில வெடித்து நாறும். என் வீட்டு எர்த் லீக்கேஜ் விழுந்தது இதனால்தான். நன்றாக இருக்கிறதா என்று சோதிக்காமலே மாற்றிவிடுங்கள். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எக்ஸ்2 வகை, லைவிலிருந்தோ நியூட்ரலிலிருந்தோ உடம்புக்கோ எர்த்துக்கோ போகும் இடத்தில் ஒய்2 வகை. ஒய்2 இடத்தில் எக்ஸ்2 போடக்கூடாது, அது பழுதானால் உடம்பில் கரன்ட் வந்துவிடும். ஒன்று 15 முதல் 30 ரேண்ட், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும்.

மெக்கர். கரன்ட் உடம்புக்குக் கசியுமா என்று சோதிக்கும் மீட்டர் இது. ப்ளக்கின் லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒயரால் சேர்த்து இணைத்து, சுவிட்ச் ஆனில், உடம்போடு 500 வோல்ட் மெக்கரில் அளந்தால் 2 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இந்த இடத்தில் பொய் சொல்லும். மெக்கர் வாங்க வேண்டியதில்லை, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மெஷினைத் தூக்கிப் போங்கள். டர்பன் ஈரத்தில் என் மெஷின் முதலில் அரை மெகா ஓம்தான் காட்டியது. "காயில் ஈரம் குடிச்சிருக்கும். பொட்டிக்குள்ள குண்டு பல்பைப் போட்டு ரெண்டு நாள் வை" என்றார் அப்பா. வைத்தேன். மூன்றாம் நாள் 20க்கு மேல் ஏறியது. காய வைத்தும் ஏறாவிட்டால் காட்சிக்கு வைத்துவிடுங்கள்.

உலோக உடம்பு, இரண்டே கோர் ஒயர், தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளமும் (இரட்டைக் காப்பு உண்டு, எர்த் தேவையில்லை என்று அர்த்தம்) இல்லை. இப்படி ஒரு மெஷின் வந்தால் எர்த் சேர்க்க முடிகிறதா என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் அதுவும் அலமாரிக்குத்தான்.

கடைசியில் சீரிஸ் லேம்ப். 100 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை மெஷினோடு தொடராக இணைத்து ஓட்டுவது. எல்.இ.டி. பல்பு உதவாது. இழைப் பல்பு கிடைக்காவிட்டால் ஹாலஜன் பல்பு போதும். பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் சரி. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மோட்டார் அசையாவிட்டால் உள்ளே ஷார்ட், அல்லது மோட்டார் இறுகிக் கிடக்கிறது. கர்பியை இப்படி ஓட்டியிருந்தால் பல்பு எரிந்திருக்கும், ஆர்மேச்சர் பிழைத்திருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: பல்பு போட்டாலும் உடம்பில் ஷாக் அடிக்கலாம். அது மோட்டாரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது.

7. மோட்டாரைக் கழற்றுவது

ஒவ்வொரு திருகாணி கழற்றும்போதும் ஒரு போட்டோ. திருகாணிகளை இட்லித் தட்டுக் குழிகளில் வரிசையாகப் போடுவேன். எத்தனை குழி நிரம்பியதோ அத்தனை படி பின்னால் போக வேண்டும்.

விசிறியைக் கழற்றும் நட்டு சில மெஷின்களில் இடது மரை. வராவிட்டால் பலம் போடாதீர்கள், எந்தப் பக்கம் மரை என்று கண்ணால் பாருங்கள். ஆயா மெஷினில் 'டக்' என்று தட்டியது என்ன என்பது அங்கேதான் தெரிந்தது: இரண்டு சிட்டுக்குருவி பொறித்த பழைய ஒரு சென்ட் காசு, விசிறி அறையின் ஓரத்தில் சப்பையாகச் சிக்கியிருந்தது. விசிறி இறக்கை ஒன்றின் நுனி கடுகளவு போயிருந்தது. அவ்வளவு சின்னச் சேதம் என்றால் விடலாம். பெரிய துண்டு போயிருந்தால் விசிறி ஆடும், பேரிங் சீக்கிரம் போகும், மாற்றியே ஆக வேண்டும். இந்த வகை மெஷினில் அழுக்குக் காற்று நேராக விசிறி வழியாகத்தான் போகிறது. தரையில் காசு, ஊக்கு, கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காசை ஆயாவிடம் திருப்பிக் கொடுத்தேன், சாமி படத்தடியில் வைத்துக்கொண்டார்.

கார்பன் பிரஷ்: எடுக்கும்போது எந்தப் பக்கம், எந்த முகம் என்று குறித்துவைத்து, அப்படியே திருப்பி மாட்டுங்கள். கட்டை ஆறேழு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் புதிது. அதே அளவு கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிதாக வாங்கி, தட்டையான இடத்தில் மென்மையான உப்புத்தாளை வைத்துத் தேய்த்துப் பொருந்த வைக்கலாம். டிரில் மெஷின் சர்வீஸ் கடைகளில் ஜோடி 60 முதல் 120 ரேண்ட். கார்பன் பிரஷ் உராயும் செப்புப் பட்டை வளையமான காம்யுடேட்டரையும் மென்மையான உப்புத்தாளால்தான் சுத்தம் செய்ய வேண்டும். எமெரித்தாள் கூடாது. அதன் தூள் கரன்ட்டைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே சிக்கினால் பொறி பறக்கும்.

பேரிங்: பக்கவாட்டில் நம்பர் அடித்திருக்கும். பல மெஷினில் 608 என்று இருக்கும். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். பேரிங் கடையில் 25 முதல் 60 ரேண்டுக்குக் கிடைக்கும். இரும்பு மூடி போட்ட 'இசட்-இசட்' வகை கேளுங்கள். ரப்பர் மூடி போட்டது இந்த வேகத்தில் உராய்ந்து சூடாகும். உள்ளே குண்டு பேரிங் இல்லாமல் எண்ணெய் குடிக்கும் புஷ் இருந்தால், பக்கத்தில் உள்ள கம்பளித் துண்டில் நான்கைந்து சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு அது ஆவியாகிவிடும்.

மூடியதும் மறுபடி மெக்கர், மறுபடி சீரிஸ் லேம்ப், பிறகு நேரடிக் கரன்ட்டில் இரண்டு நிமிடம். பிரஷ் அடியில் சின்ன நீலப் பொறி இருந்தால் பரவாயில்லை. காம்யுடேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போல ஓடினால் உடனே நிறுத்துங்கள். புது பிரஷ் பதிய அரை மணி நேரம் ஆகும். காற்றை இழுக்கும் வாயை உள்ளங்கையால் மூடினால் சத்தம் கீச்சென்று ஏற வேண்டும். காற்றைத் தள்ளும் வேலை குறைவதால் மோட்டார் வேகம் எடுக்கிறது. சத்தம் ஏறாவிட்டால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம்.

பெல்ட் மாட்டும்போது ஒரு முறுக்கு உண்டு. திருப்பிப் போட்டால் பிரஷ் உருளை எதிர்ப்பக்கம் சுழன்று மெஷின் உங்களைத் தள்ளும். மூடியில் அம்புக்குறி இருக்கும், பாருங்கள்.

8. வெளிப்புறம்

இதற்குத்தான் எல்லாரும் முதலில் ஓடுவார்கள். கடைசியில் செய்யுங்கள். கர்பி மாதிரி வெறும் அலுமினியம் என்றால் 400, 800, 1500 என்று தண்ணீர் போட்டு உப்புத்தாள், பிறகு ஆட்டோசால் அல்லது பிராசோ. காந்தம் ஒட்டினால் அது அலுமினியம் அல்ல, குரோம் பூசிய இரும்பு. அதில் உப்புத்தாள் போட்டால் பூச்சு போய்விடும். பெயின்ட் உள்ள உடம்பைக் கழுவி, கார் வாக்ஸ் பூசி, கீறலோடே விட்டுவிடுங்கள். புதுப் பெயின்ட் அடித்த மெஷினுக்குச் சேகரிப்பவர்கள் குறைவாகத்தான் கொடுப்பார்கள். எலக்ட்ரோலக்ஸ் உடம்பில் ரெக்சின் ஒட்டியிருந்தால் தண்ணீர் விடாதீர்கள், ஈரத்துணி போதும்.

துணிப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் கையால் கசக்கி நிழலில் காயப்போடுங்கள். கம்பெனிப் பெயர் அச்சு வெந்நீரில் போய்விடும், எனக்குப் போனது.

9. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது

பெல்ட், பிரஷ் உருளை, பைகளுக்கு இங்கிலாந்துதான் போக வேண்டும். புது உதிரிப்பாகம் வரவழைப்பது எளிது. கணக்கு இப்படி: பொருள் மதிப்பு 1,000 ரேண்ட் என்றால் அதோடு 10 சதவீதம் கூட்டி, சுங்கத் தீர்வை ஏதாவது இருந்தால் அதையும் கூட்டி, அந்தத் தொகைக்கு 15 சதவீதம் வாட் வரி. தீர்வை இல்லாவிட்டால் 1,100க்கு 165 ரேண்ட். இதற்கு மேல் கூரியர்காரர் கிளியரன்ஸ் கட்டணம் என்று தனியாகப் போடுவார். வாட்டைவிட அது அதிகமாக வந்த அனுபவம் எனக்கு உண்டு. ஆர்டர் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போட்டால் மிச்சம். நேரம் மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை.

முழு மெஷினை வரவழைப்பது வேறு கதை. பழைய பொருள், அதாவது ஒருமுறை பயன்படுத்திய எதுவானாலும், உள்ளே கொண்டுவர ஐடாக் என்கிற சர்வதேச வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும். பொருள் கப்பலேறும் முன்பே வாங்க வேண்டும், வந்த பிறகு வாங்கலாம் என்று இருக்க முடியாது. எனக்கு இது தெரியாது. இணைய ஏலத்தில் எடுத்த ஒரு எலக்ட்ரோலக்ஸ் ஏழு வாரம் கிடங்கில் கிடந்து, வாடகை ஏறி, கடைசியில் கைவிட்டேன். 2,300 ரேண்ட் போயிற்று. உள்நாட்டில் கிடைப்பதை உள்நாட்டிலேயே தேடுங்கள்.

10. மொத்தத்தில் எவ்வளவு

ஆயா ஹூவருக்கு ஆனது: மெஷின் 200, ஒயரும் ப்ளக்கும் ஃபியூஸும் 310, கண்டன்சர் 50, பேரிங் இரண்டு 90, கார்பன் பிரஷ் 80, பெல்ட் இரண்டு கூரியரோடு 420, பாலிஷ் வகையறா 150. மொத்தம் 1,300 ரேண்ட். அதில் பெல்ட்தான் கொள்ளை. நேரம் ஐந்து சனிக்கிழமை, பெல்ட்டுக்குக் காத்திருந்த ஆறு வாரம் தனி. விற்றால் இந்தக் காசு வராது, வருமானம் என்று நினைத்து இறங்காதீர்கள்.

11. வைத்திருப்பது

டர்பனில் மூடிய அலமாரி மெஷினுக்கு எமன். காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல், பழைய பருத்திச் சேலை போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேர்க்கும். பெல்ட்டைக் கழற்றி உறையில் போட்டு, கைப்பிடியில் கட்டிவிடுங்கள். மாட்டியே வைத்தால் ஒரே இடத்தில் மடிந்து நிற்கும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும், காயிலில் ஈரம் தங்காது. கரன்ட் போய்த் திரும்பி வரும் நேரத்தில் மட்டும் வேண்டாம். லோட் ஷெட்டிங் காலத்தில் திரும்ப வரும்போது வோல்டேஜ் எகிறும். கால் மணி நேரம் விட்டு ஓட்டுங்கள்.

நான் மாத முதல் ஞாயிறு காலையில் ஐந்தையும் வரிசையாக ஓட்டுவேன். ஆன்ட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அவர் ஃப்ரிட்ஜை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்.